பத்தாயிரம் கிலோகலோரி என்னும் வசதி

வெப்பத்தின் அலகை மாற்றுவதும், எரிவாயுவின் ஓட்டத்தை வெப்பமாகக் கணக்கிடுவதும் ஒரே வேலை என்று நம்புகிறவர்கள்தான் இன்று நம் தொழிற்பேட்டைகளில் பெரும்பான்மை. எம்.எம்.பி.டி.யு.வை, அதாவது பத்து லட்சம் பி.டி.யு.வை, கிலோகலோரி ஆக்க ஓர் எண், கிலோகலோரியைக் கிலோவாட் மணி ஆக்க இன்னோர் எண், கன மீட்டரைக் கிலோகலோரி ஆக்க மூன்றாவது எண். மூன்றும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக அச்சாகியிருக்கின்றன. கால்குலேட்டரில் தட்டினால் விடை வந்துவிடுகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள். கொட்டேஷன் எழுதும் விற்பனைப் பிரதிநிதியும், அதைச் சரிபார்க்கும் மேனேஜரும், பாய்லருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும், எரிவாயு விலையைப் பற்றிச் செய்தி எழுதும் நிருபரும் இந்த ஒரே நம்பிக்கையில்தான் வேலை செய்கிறார்கள்.

இந்தக் கட்சிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பி.டி.யு. 1,055 ஜூல், ஒரு கிலோவாட் மணி 860 கிலோகலோரி, ஒரு எம்.எம்.பி.டி.யு. சுமார் 2,52,000 கிலோகலோரி. மதுரையில் கேட்டாலும் மாஸ்கோவில் கேட்டாலும் இவை மாறுவதில்லை. கலோரிக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை உண்டு என்பது உண்மைதான், 4.1868 ஜூல் ஒன்று, 4.184 ஜூல் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் ஏழு. அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட யாருக்கும் நேரமில்லை. எரிவாயுவிலும் குத்துமதிப்பான ஓர் எண் தேவைப்படும் இடங்கள் உண்டு. எண்ணூர் முனையத்தின் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன் எல்.என்.ஜி., அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு; அது நாளொன்றுக்கு எவ்வளவு வாயு என்று கேட்டால், பத்து லட்சம் டன்னுக்கு நாளுக்கு 36 லட்சம் கன மீட்டர் என்ற துறை வழக்கப்படி 180 லட்சம் என்று பதில் சொல்வதில் குற்றமில்லை. கன மீட்டருக்கு 10,000 கிலோகலோரி, ஆகவே எம்.எம்.பி.டி.யு.க்கு 25.2 எஸ்.சி.எம். (ஸ்டாண்டர்ட் கன மீட்டர்) என்ற வாய்ப்பாடும் அதே வகை. குழாய் எங்கே போடலாம் என்று வரைபடத்தில் கோடு இழுப்பவருக்கு அது போதும்.

பணம் கைமாறும் இடத்துக்கும் நெருப்பு எரியும் இடத்துக்கும் அதே வாய்ப்பாட்டைக் கொண்டுவரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. அட்டவணையின் முதல் இரண்டு எண்கள் வரையறைகள். மனிதர்கள் கூடி முடிவு செய்து வைத்தவை. மூன்றாவது எண் அப்படி முடிவு செய்து வைத்ததல்ல, அளந்து பார்த்துக் கிடைப்பது. எந்த வாயுவை, எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எந்தக் கணக்கு முறையில் அளந்தோம் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளே கிடையாது. அளந்து பெற வேண்டியதை வரையறைபோல நடத்தினால் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. எரிவாயு என்ற பெயரில் ஒரே பொருள் குழாயில் வருகிறது என்று யார் சொன்னது?

வருவது கலவை. பெரும்பகுதி மீத்தேன், கூடவே ஈத்தேன், கொஞ்சம் புரொப்பேன், அதோடு எரியவே எரியாத நைட்ரஜனும் கார்பன் டை ஆக்ஸைடும். 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் மீத்தேன் தரும் வெப்பம் சுமார் 37.7 மெகாஜூல். அதே கன அளவு ஈத்தேன் 66 தரும். புரொப்பேன் 95 அளவுக்குத் தரும். நைட்ரஜன் எதுவும் தராது. ஆக, கலவை மாறினால் கன மீட்டரின் வெப்பமும் மாறியே தீரும்.

இரண்டு கலவைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் மீத்தேன் 90 சதவீதம், ஈத்தேன் 7, புரொப்பேன் 3. கப்பலில் வந்த எல்.என்.ஜி. இப்படிக் கொஞ்சம் கனமாக இருக்கக்கூடும். இன்னொன்றில் மீத்தேன் 92, ஈத்தேன் 2, எரியாத வாயுக்கள் 6. நிலத்தடியிலிருந்து எடுத்து அதிகம் சுத்திகரிக்காத வாயு இப்படி இருக்கலாம். முதலாவது கன மீட்டருக்குச் சுமார் 9,900 கிலோகலோரி; இரண்டாவது சுமார் 8,600. கவனியுங்கள், மீத்தேன் அதிகமுள்ள கலவையில்தான் வெப்பம் குறைவு. வித்தியாசம் 15 சதவீதம். எம்.எம்.பி.டி.யு.க்கு முதலாவது 25.5 எஸ்.சி.எம்., இரண்டாவது 29.3. அட்டவணைக்காரர் இரண்டுக்கும் 25.2 என்றே எழுதுவார்.

காவிரிப் படுகையின் வாயுவும் எண்ணூரில் இறங்கும் வாயுவும் ஒரே குழாய்வலையில் சேரும் மாநிலத்தில் இது புத்தகக் கேள்வி அல்ல. இன்று வரும் கலவை நாளை வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

2. அடுத்து, கன மீட்டர். இதுவாவது நிலையான அளவா?

வீட்டுக்கு வரும் சாதாரண டயாஃப்ரம் மீட்டரின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஜி 1.6 என்று போட்டிருக்கும். மணிக்கு அதிகபட்சம் 2.5 கன மீட்டர், குறைந்தபட்சம் 0.016 என்று இருக்கும். கறுப்பு இலக்கங்கள், பிறகு சிவப்புக் கட்டத்துக்குள் தசம இலக்கங்கள். கலோரி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. உள்ளே ஒரு தோல்பை நிரம்பிக் காலியாகிறது; எத்தனை முறை நிரம்பியது என்று எண்ணுவதோடு அதன் வேலை முடிகிறது. பைக்குள் இருந்த வாயு சூடாக இருந்ததா, நெருக்கமாக இருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

எஸ்.சி.எம். என்பது அந்தப் பையின் கன அளவு அல்ல. 15 டிகிரி செல்சியஸில், 1.01325 பார் அழுத்தத்தில் அந்த வாயு எவ்வளவு இடத்தை அடைக்குமோ அதுதான் எஸ்.சி.எம். வீட்டுக்கு வாயு 21 மில்லிபார் அழுத்தத்தில் வருவதாகக் கொள்வோம். சென்னையில் 32 டிகிரி வெயிலில் மீட்டர் 10 கன மீட்டர் காட்டினால், உண்மையில் வந்தது 9.6 எஸ்.சி.எம். கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருக்கும் கோவையில், 28 டிகிரியில், 9.3. உதகையில் குளிர் இருந்தாலும் காற்றழுத்தம் மிகக் குறைவு. 17 டிகிரியில் அங்கே 10 கன மீட்டர் என்பது 7.8 எஸ்.சி.எம்.தான். மீட்டரில் ஓடிய எண்ணையே எஸ்.சி.எம். என்று பில்லில் எழுதினால், உதகைக்காரர் வாங்காத வாயுவுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பணம் கட்டுவார்.

தொழிற்சாலையில் விஷயம் இன்னும் மோசம். 2 பார் அழுத்தத்தில் வரும் குழாயில் ரோட்டரி மீட்டர் மணிக்கு 50 கன மீட்டர் என்று காட்டுகிறது, வாயுவின் வெப்பநிலை 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 50-ஐ 2-ஆல் பெருக்கி 100 என்பார். அவர் கேஜ் காட்டும் அழுத்தத்தோடு வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சேர்க்க மறந்தவர். இன்னொருவர் அதைச் சேர்த்து 149 என்பார், வெப்பநிலையை மறந்திருப்பார். இரண்டையும் பார்த்தவருக்கு 139 வரும். ஒரே மீட்டருக்கு மூன்று பதில். பெரிய ஆலைகளில் இந்தத் திருத்தத்தைச் செய்ய ஈ.வி.சி. என்ற கருவி மீட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அது எந்த அடிப்படைக்குத் திருத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்று.

கேட்கக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய பர்னர் கேட்டலாகில் ‘நார்மல்’ கன மீட்டர் என்று இருந்தால் அது பூஜ்ஜியம் டிகிரிக்கான கணக்கு. நம் பில்லில் இருக்கும் ‘ஸ்டாண்டர்ட்’ 15 டிகிரிக்கு. 100 நார்மல் கன மீட்டர் என்பது 105.5 எஸ்.சி.எம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் அப்படியே எடுத்து எழுதுகிறவர் ஐந்தரை சதவீதத்தைப் பேனா நுனியில் தொலைக்கிறார்.

3. மொத்தமா, நிகரமா?

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை இதுதான். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆனால் நீராவியாக. அந்த நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது விடும் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் மொத்தக் கலோரி மதிப்பு, துறைக்காரர்கள் வாயில் ஜி.சி.வி. அதைப் புகைபோக்கி வழியே போனதாக விட்டுவிட்டால் நிகரக் கலோரி மதிப்பு, என்.சி.வி. குவித்து அளந்த படிக்கும் தலைதட்டி அளந்த படிக்கும் உள்ள வேறுபாடு மாதிரி. இயற்கை எரிவாயுவில் இந்தக் குவியல் சுமார் 11 சதவீதம், எல்.பி.ஜி.யில் 8 சதவீதத்தை ஒட்டி. எரிபொருளுக்கு எரிபொருள் குவியலின் உயரம் மாறுகிறது என்பதால் ஒரே எண்ணால் பெருக்கித் தப்பிக்கவும் முடியாது.

இது நாட்டின் விலைக் கொள்கையிலேயே நடந்த கதை. 2014 நவம்பரில் உள்நாட்டு எரிவாயுவுக்குப் புதிய விலை அமலுக்கு வந்தது. பழைய விலை எம்.எம்.பி.டி.யு.க்கு 4.2 டாலர், நிகரக் கணக்கில். புதிய விலை 5.05 டாலர், மொத்தக் கணக்கில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயர்வு 20 சதவீதம். ஆனால் புதிய விலையை நிகரக் கணக்குக்கு மாற்றினால் 5.61 டாலர், உயர்வு 33 சதவீதத்துக்கு மேல். எம்.எம்.பி.டி.யு. எம்.எம்.பி.டி.யு.தானே, இதில் என்ன வேறுபாடு என்று கேட்பவர் அந்த 13 சதவீதப் புள்ளிகள் எங்கே போயின என்று பதில் சொல்லட்டும்.

கருவி விற்பவர்களுக்கோ இந்த ஓட்டை ஒரு வரப்பிரசாதம். ஐரோப்பாவில் நீராவியையும் குளிரவைத்துப் பிடிக்கும் பாய்லர்களின் விளம்பரத்தில் திறன் 107 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். நூற்றுக்கு மேல் திறன் எப்படி வரும்? உள்ளே போகும் வெப்பத்தை நிகரக் கணக்கிலும் வெளியே எடுக்கும் வெப்பத்தை உள்ளபடியும் எழுதினால் வரும். அது பொய்யல்ல, அடிப்படை தெரிந்தவருக்கு அதில் ஏமாற்றமும் இல்லை. நம் ஊரில் அடிப்படையைச் சொல்லாமலே ‘85 சதவீதம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை என்று வைத்துக்கொள்வோம். துணியை உலர்த்தும் ஸ்டெண்டருக்குச் சூடு கொடுக்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர், மணிக்கு 10 லட்சம் கிலோகலோரி. விறகிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறலாமா என்று முதலாளி யோசிக்கிறார். பிரதிநிதி கணக்குப் போடுகிறார்: திறன் 85 சதவீதம், ஆக உள்ளே போக வேண்டியது சுமார் 11,76,000 கிலோகலோரி, வகுத்தல் 10,000, மணிக்கு 118 எஸ்.சி.எம். பக்கம் திரும்புகிறது, முதலாளி கையெழுத்துப் போடுகிறார்.

உண்மையில் அந்த 85 சதவீதம் நிகரக் கணக்கில் சொன்னது. குழாயில் வரும் வாயு மொத்தக் கணக்கில் 9,300 கிலோகலோரி என்றால் நிகரக் கணக்கில் 8,390 அளவுக்குத்தான் இருக்கும். 11,76,000-ஐ 8,390-ஆல் வகுத்தால் மணிக்கு 140. வித்தியாசம் மணிக்குச் சுமார் 22 எஸ்.சி.எம். நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டி, எஸ்.சி.எம். 50 ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு 22,000 ரூபாய். 300 நாள் ஓடினால் 66 லட்சம். யாரும் திருடவில்லை, எந்த மீட்டரும் பழுதில்லை. ஒரே வகுத்தலில் இரண்டு தவறுகள் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான். முதல் மாத பில் வந்ததும் முதலாளி மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடுப்பார். மீட்டரைக் கழற்றிச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சான்றிதழோடு திரும்பவும் மாட்டுவார்கள்.

சமையலறைக்கு வாருங்கள். 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை எஸ்.சி.எம்.முக்குச் சமம் என்பது வீடு வீடாகக் குழாய் எரிவாயு விற்க வருகிறவர்கள் முதலில் சொல்லும் கணக்கு. எல்.பி.ஜி. கிலோவுக்கு மொத்தம் 11,850, நிகரம் 10,900 கிலோகலோரி என்றும், குழாய் வாயு முன்சொன்ன 9,300, 8,390 என்றும் கொள்வோம். மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் 18.1 எஸ்.சி.எம். நிகரத்தை நிகரத்தோடு ஒப்பிட்டால் 18.4. சிலிண்டருக்கு நிகரம், குழாய்க்கு மொத்தம் என்று கலந்தால் 16.6. மாற்றிக் கலந்தால் 20.1. எஸ்.சி.எம். 50 ரூபாய் என்றால், அதே சிலிண்டருக்கு ஈடான குழாய் வாயு 830 ரூபாய் என்றும் சொல்லலாம், 1,005 ரூபாய் என்றும் சொல்லலாம். குழாய் விற்பவர் எதைச் சொல்வார், சிலிண்டர் விற்பவர் எதைச் சொல்வார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இருவரிடமும் அச்சடித்த அட்டவணை இருக்கும்.

ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வெளிநாட்டு வாங்குபவர் கேட்கும் கார்பன் கணக்கில், ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் எண், ஒரு டெராஜூலுக்கு 56.1 டன் கார்பன் டை ஆக்ஸைடு, நிகரக் கணக்குக்கானது. மொத்தக் கணக்கில் வாங்கிய வாயுவை அதோடு அப்படியே பெருக்கினால், விடாத புகைக்கும் நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள்.

4. “சராசரியில் சரியாகிவிடும், சார்.”

ஆகாது. மேலும் கீழும் சம வாய்ப்போடு விழும் பிழைதான் சராசரியில் கரையும். சென்னையின் வெப்பநிலை ஒரு நாள் 15-க்கு மேலும் மறுநாள் 15-க்குக் கீழும் போய்வருகிறதா? மார்கழி விடியலில்கூட அங்கே 15-க்குக் கீழே இறங்குவது மிக அரிது. கோவை ஒருபோதும் கடல்மட்டத்துக்கு இறங்கி வராது. நிகரமும் மொத்தமும் ஒரு மாதம் இடம் மாறி நிற்காது. இவை ஒருபக்கச் சாய்வுகள். எத்தனை வருடம் கூட்டினாலும் அதே பக்கம்தான் சாயும். கலவையின் ஏற்ற இறக்கம் மட்டுமே சராசரிக்குக் கட்டுப்படலாம். அதற்கும் எந்தக் கப்பல், எந்தக் கிணறு என்ற கேள்வி உண்டு.

‘டென்டருக்கு ஏதாவது ஒரு நம்பர் போட்டுத்தானே ஆக வேண்டும்’ என்பது இதன் தம்பி. போடுங்கள், பக்கத்திலேயே எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம், மொத்தமா நிகரமா என்றும் போடுங்கள். அதற்கு அரை வரி போதும்.

5. அடுப்புக்கு உங்கள் அட்டவணை தெரியாது.

ஓட்டத்தைக் கலோரி மதிப்பால் பெருக்கினால் வெப்பம் கிடைத்துவிடும் என்பவர்கள், ஓட்டமே வாயுவைப் பொறுத்தது என்பதை மறக்கிறார்கள். பர்னரின் ஜெட்டில் இருப்பது ஒரு துளை. அதன் வழியே எவ்வளவு வாயு பாயும் என்பது அழுத்தத்தையும் அந்த வாயுவின் அடர்த்தியையும் பொறுத்தது. அதனால்தான் துறையில் வோபே எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: கலோரி மதிப்பை, காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது. குழாய் எரிவாயுவுக்கு அது 50 மெகாஜூல் அளவு, எல்.பி.ஜி.க்கு 80-க்கு மேல். எல்.பி.ஜி. 30 மில்லிபாரிலும் குழாய் வாயு 21 மில்லிபாரிலும் வருவதால், அதே சூட்டுக்கு ஜெட் துளையின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். குழாய் இணைப்புக் கொடுக்க வரும் மெக்கானிக் முதல் வேலையாக அடுப்பின் ஜெட்டைக் கழற்றுவது இதற்குத்தான். குழாய் வாயுவுக்காகப் போட்ட பெரிய ஜெட்டை மறதியாக அப்படியே விட்டுவிட்டு சிலிண்டரை மீண்டும் மாட்டினால் சுடர் மஞ்சளாக எழும்பிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். காற்றோட்டமில்லாத அடுக்களையில் கார்பன் மோனாக்ஸைடும் சேரும். அலகு மாற்றப் பிழை பர்ஸை மட்டும் தொடுவதில்லை.

6. வெப்பத்தில் வாங்கி, கன அளவில் விற்பது ஏன்?

மேலே, மொத்த வியாபாரத்தில் எல்லாம் வெப்பக் கணக்கு. உள்நாட்டு வாயுவின் விலை 2023 ஏப்ரல் முதல் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று நிர்ணயமானது. அப்போது வைத்த தரை 4 டாலர், கூரை 6.5 டாலர். எதற்கு? ஓர் எம்.எம்.பி.டி.யு.க்கு, அதுவும் மொத்தக் கணக்கில். எல்.என்.ஜி. ஒப்பந்தங்களும் அதே அலகில்தான். கைமாறும் இடங்களில் குரோமட்டோகிராஃப் வைத்துக் கலவையைப் பிரித்து, கலோரி மதிப்பைக் கணக்கிட்டு, அதற்குத்தான் பணம் கட்டுகிறார்கள். கோடிகளில் பேசும் இரண்டு நிறுவனங்கள் கன மீட்டருக்கு 10,000 என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கடைசி மைலில், சிறு ஆலைக்கும் வீட்டுக்கும் வரும்போது கணக்கு பெரும்பாலும் எஸ்.சி.எம்.முக்கு இத்தனை ரூபாய் என்று மாறிவிடுகிறது.

6.5 டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 10,000 என்று எடுத்தால் ஓர் எஸ்.சி.எம். 25.8 சென்ட். வாயு உண்மையில் 9,000 என்றால் 23.2 சென்ட். அந்த இரண்டரைச் சென்ட் யாரிடமோ தங்குகிறது. கலவை செறிவாக வரும் மாதம் வாடிக்கையாளருக்கு லாபம், நீர்த்து வரும் மாதம் நஷ்டம். எந்த மாதம் எது என்று அவருக்குத் தெரியாது என்பதுதான் என் குற்றச்சாட்டு. விற்பவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் வாங்கிய பில்லில் அது இருக்கிறது.

இது தீர்க்க முடியாத சிக்கலும் அல்ல. பிரிட்டன் 1920-லேயே சட்டம் போட்டு, வாயுவைக் கன அடியில் விற்பதிலிருந்து தெர்ம் கணக்குக்கு, அதாவது ஒரு லட்சம் பி.டி.யு. என்ற வெப்பக் கணக்குக்கு மாறியது. இன்று அங்கே வீட்டு பில்லில் முழுக் கணக்கும் அச்சாகிறது: மீட்டரின் கன மீட்டர், பெருக்கல் 1.02264, பெருக்கல் கலோரி மதிப்பு, வகுத்தல் 3.6, விடை கிலோவாட் மணியில். அந்த 1.02264 ஒரு நிலையான எண்தானே, நீ திட்டுகிற அதே வேலைதானே அது என்று மடக்கலாம். நல்ல கேள்வி. அது வெப்பநிலைக்கும் உயரத்துக்குமான திருத்தம். வாயுவின் வெப்பநிலை 12.2 டிகிரி என்று அந்த நாட்டுக்கு ஏற்ற அடிப்படையை வைத்துச் சட்டத்தில் எழுதியது. கலோரி மதிப்பை நிலையான எண்ணாக்கவில்லை. அதைப் பகுதிவாரியாக நாள்தோறும் அளந்து அறிவிக்கிறார்கள். ஒரு பகுதிக்குள் வெவ்வேறு வாயுக்கள் நுழைந்தால், அவற்றில் மிகக் குறைந்த கலோரி மதிப்பைவிட ஒரு மெகாஜூலுக்கு மேல் கூட்டி பில் போடக்கூடாது என்று வரம்பும் உண்டு. நீர்த்த வாயு பெறும் வீட்டுக்காரரைக் காப்பதற்கான விதி அது. சாணத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் உயிர்வாயு செய்து குழாயில் சேர்க்கிறவர்கள், அதன் கலோரி மதிப்பை ஏற்ற புரொப்பேன் கலக்கும் நிலை இந்த விதியால்தான் வந்தது. விதி நல்லதா, செலவு அதிகமா என்று அங்கே வாதம் நடக்கிறது. நடக்கட்டும். எண் கண்ணுக்குத் தெரிவதால்தான் வாதமே சாத்தியமாகிறது.

நம் நாட்டிலும் இது கேள்விப்படாததல்ல. குஜராத்தில் வீட்டு பில்லே எம்.எம்.பி.டி.யு. கணக்கில் வரும் நகரங்கள் உண்டு. குரோமட்டோகிராஃப் செலவு தாங்காது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. வீடுதோறும் அதை வைக்கச் சொல்லவில்லை. நகர வாயில் நிலையத்தில் ஏற்கனவே கையில் இருக்கும் எண்ணை பில்லில் அச்சடிக்கச் சொல்கிறேன்.

“மக்களுக்குப் புரியாது” என்பது கடைசிக் கோட்டை. மின்சார பில்லில் ‘யூனிட்’ என்றால் என்ன என்று எந்த வீட்டில் தெரியாது? அது கிலோவாட் மணி, வெப்பத்துக்கும் அதே அலகுதான். 9,300 கிலோகலோரி உள்ள ஓர் எஸ்.சி.எம். 10.8 யூனிட். பில்லில் அந்த ஒரு வரி இருந்தால், இண்டக்ஷன் அடுப்பா கேஸ் அடுப்பா என்று எந்த இல்லத்தரசியும் தானே கணக்குப் பார்த்துவிடுவார். புரியாமல் இருப்பது அவருக்கல்ல, எஸ்.சி.எம்.முக்குத்தான் பழக்கம் என்று அடம்பிடிக்கும் துறைக்கு.

ஆக, பில்லில் நான்கு எண்கள் வேண்டும்: மீட்டரில் ஓடிய கன மீட்டர்; அதை எஸ்.சி.எம். ஆக்கிய திருத்த எண்; அந்தக் காலத்தின் ஜி.சி.வி.; கடைசியில் கிலோவாட் மணி. பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் ஒரு சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய வேலை. அது வரும்வரை, கொட்டேஷனோடு வரும் பிரதிநிதியிடம் நான்கு கேள்விகள்: கன மீட்டர் எத்தனை டிகிரிக்கு, வாயுவின் கலோரி மதிப்பு மொத்தமா நிகரமா, பாய்லரின் திறன் எந்தக் கணக்கில், கலவை மாறினால் வித்தியாசம் யார் தலையில். நான்குக்கும் பதில் எழுத்தில் இல்லாத கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். மறுநாள் திருத்தி எடுத்துக்கொண்டு வருவார், அவரிடம் எண்கள் இருக்கின்றன.